ஆங்கில நாளேட்டுத் தலைப்பும் இரட்டைப் பொருளும்

(வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு கழகச் செயலாளர் எம்மைக் கேட்டுக்கொண்டார். ஆனால், ஒரு காலத்தில் பள்ளியின் திண்ணைக்குக் கூட அனுமதிக்கப்படாதவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பட்டதாரிகளாக அமர்ந்திருக்கும் இந்த அவைக்குக் கல்வியின் சிறப்பை யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எனவே சிறியதொரு பொருளை எடுத்துக்கொண்டோம். ஆங்கில நாளேட்டின் தலைப்புகளில் மரபுத்தொடர்கள் எவ்வாறு இரு பொருள் தந்து நிற்கின்றன என்பதே அது. இது வேடிக்கையாகத் தோன்றலாம். வேடிக்கையும் உண்டு, ஆனால் வேடிக்கை மட்டுமன்று.

இப்பொருளை யாம் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2011ஆம் ஆண்டு, எம் பள்ளியில் படித்துப் பின்னர் பட்டமும் பெற்ற இளைஞர் ஒருவர் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். அவருடைய குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறிந்தவர் அவரே. தேர்வுக்குழுவினர் அவர் கையில் ஓர் ஆங்கில நாளேட்டைக் கொடுத்து, ஒரு தலைப்பைப் படித்துப் பொருள் கூறுமாறு பணித்தனர். ‘மினிஸ்டர் டு ஃபேஸ் மியூசிக்’ என்று அது இருந்தது. இளைஞர் தடையின்றிப் படித்தார். “அமைச்சர் இசை நிகழ்ச்சியில் கலந்துகொள்ளப் போகிறார்” என்று பொருளும் கூறினார். குழுவினர் சிரித்துவிட்டனர். ‘ஃபேஸ் த மியூசிக்’ என்பது தன் செயலின் விளைவைத் தானே எதிர்கொள்ளுதல் என்னும் பொருள்படும் மரபுத்தொடர். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நாம் சொல்வதில்லையா, அதுபோன்றது. அவ்வமைச்சர்மீது விசாரணை வரவிருந்தது.

மறுவாரம் அவர் எம்மைக் காண வந்தார். “ஐயா, எல்லாச் சொல்லுக்கும் எனக்குப் பொருள் தெரியும். அது மார்கழி மாதம். சென்னையில் கச்சேரி நடக்கும் காலம். ஆகையால் யோசித்துத்தான் சொன்னேன். எதற்காகச் சிரித்தார்கள் என்பது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது” என்றார்.

அந்த இளைஞர் அறிவில் குறைந்தவரா? இல்லை. காலத்தையும் இடத்தையும் எண்ணிப் பார்த்துப் பொருள் கண்டவர் அவர். தமிழ் இலக்கண நூலை மட்டும் கற்ற ஒரு வெளிநாட்டார், ‘கடன் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான்’ என்று கேட்டால், அவன் இரும்புக் கம்பியைக் கையில் பிடித்து நீட்டியதாகத்தான் நினைப்பார். அதற்காக அவரை நாம் அறிவிலி என்போமா? மரபுத்தொடர் என்பது அறிவின் அளவுகோல் அன்று. அந்த மொழி புழங்கும் வீட்டில் வளர்ந்தவரா என்பதன் அடையாளமே. அடையாளத்தை அறிவென்று எண்ணி எடைபோட்டது அக்குழுவின் பிழை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று எழுதிப்போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்லி, நாளேட்டைக் கண்ணில் காட்டாமல் அனுப்பிவைத்தது எம் பிழை. அவர்கள் பிழையைத் திருத்தும் ஆற்றல் எமக்கில்லை. எம் பிழையைத் திருத்திக்கொள்ள இயலும் அல்லவா? அன்று தொடங்கிய முயற்சியின் பயனே இவ்வுரை.

தலைப்பு ஏன் இத்துணைக் குழப்பம் தருகிறது என்பதை முதலில் காண்போம். அச்சுக்கோத்த காலத்தில் எழுத்துகள் ஈயத்தால் ஆனவை. பெரிய எழுத்து, குறுகிய பத்தி. ஓர் எழுத்து மிகுந்தாலும் வரி அடங்காது. ஆகையால் தலைப்பெழுதும் துணையாசிரியர் சொற்களை வெட்டினார். ‘ஏ’, ‘ஆன்’, ‘த’ ஆகிய சுட்டுச்சொற்களை நீக்கினார். ‘ஈஸ்’, ‘ஆர்’ போன்ற துணைவினைகளை நீக்கினார். நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் எழுதினார். நடக்கப் போவதை ‘டு’ என்னும் ஓர் இடைச்சொல்லால் குறித்தார். ‘சொன்னார்’ என்பதற்கு ஒரு முக்காற்புள்ளி போதும் என்றார். நீண்ட சொற்களுக்கு மாற்றாகச் சிறு சொற்களைத் தேடினார். குறைப்பதற்கு ‘ஏக்ஸ்’ என்னும் கோடரி, விசாரணைக்கு ‘ப்ரோப்’, முயற்சிக்கு ‘பிட்’, சச்சரவுக்கு ‘ரௌ’. இந்த ‘ரௌ’ என்பதையே ‘ரோ’ என்று ஒலித்தால் வரிசை என்றாகிவிடும். எழுத்தில் வேறுபாடு இல்லை. இன்று ஈய எழுத்துகள் போய்விட்டன. பழக்கம் மட்டும் போகவில்லை.

தமிழில் இவ்வாறு வெட்டினாலும் பெருங்கேடு நேர்வதில்லை. நம் சொற்களின் இறுதியில் வேற்றுமை உருபும் வினைவிகுதியும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்பதை அவை காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்திலோ அவ்வேலையைச் செய்பவை சிறு சொற்களும் சொற்கள் நிற்கும் வரிசையுமே. சிறு சொற்களை நீக்கினால் பெயர்ச்சொல் எது, வினைச்சொல் எது என்பதே தெரியாமல் போகிறது.

அமெரிக்காவின் கொலம்பியா இதழியல் ஆய்வேடு இத்தகைய பிழைத் தலைப்புகளைத் தொடர்ந்து திரட்டி வெளியிட்டது. அத்தொகுப்புகளுள் ஒன்று 1980ஆம் ஆண்டு நூலாக வந்தது. அந்நூலுக்குப் பெயராக வைக்கப்பட்ட தலைப்பு, ‘ஸ்க்வாட் ஹெல்ப்ஸ் டாக் பைட் விக்டிம்’ என்பது. நாய்க்கடிபட்டவருக்கு மீட்புப் படையினர் உதவினர் என்பது எழுதியவர் கருதிய பொருள். அவரைக் கடிப்பதற்கு நாய்க்குப் படையினர் உதவினர் என்றும் படிக்கலாம்! ‘கடிபட்டவருக்கு’ என்பதில் உள்ள ‘கு’ உருபின் அருமையை அன்று யாம் உணர்ந்தோம்.

1987ஆம் ஆண்டு வந்த அடுத்த தொகுப்பின் பெயர் இன்னும் சுவையானது: ‘ரெட் டேப் ஹோல்ட்ஸ் அப் நியூ பிரிட்ஜ்’. ‘ரெட் டேப்’ என்பது நாம் நன்கறிந்த சிவப்பு நாடாதான். அலுவலகக் கோப்புகளைக் கட்டும் நாடா, அலுவலகத் தாமதத்தின் பெயராயிற்று. ‘ஹோல்ட் அப்’ என்பதற்குத் தாமதப்படுத்துதல் என்றும் பொருள். தாங்கிப் பிடித்தல் என்றும் பொருள். அலுவலக நடைமுறையால் புதிய பாலம் தாமதம் என்பது செய்தி. புதிய பாலத்தைச் சிவப்பு நாடா தாங்கி நிற்கிறது என்பது வேடிக்கை. சாதிச் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியவர்கள் இவ்வவையில் பலர். அந்த நாடா எவ்வளவு உறுதியானது என்பதை அவர்களைக் கேட்டால் தெரியும். பாலத்தைத் தாங்கினாலும் தாங்கும்!

மற்றொன்று. 1985 ஆகஸ்டு 12ஆம் நாள் ஜப்பான் ஏர்லைன்ஸ் வானூர்தி மலையில் மோதி 520 பேர் மாண்டனர். அவ்விபத்தில் தந்தையை இழந்த ஒரு பெண் பிற்காலத்தில் வயலின் இசைக்கலைஞராக மலர்ந்தார். 2009ஆம் ஆண்டு வந்த ஒரு தலைப்பு, ‘வயலினிஸ்ட் லிங்க்ட் டு ஜே.ஏ.எல். க்ராஷ் ப்ளாஸம்ஸ்’ என்றது. ‘ப்ளாஸம்ஸ்’ என்பது ‘மலர்கிறார்’ என்னும் வினை. ஆனால் படித்தவர்களோ ‘க்ராஷ் ப்ளாஸம்ஸ்’ என்று சேர்த்துப் படித்து, அவை என்ன ‘விபத்துப் பூக்கள்’ என்று திகைத்தனர். அன்றுமுதல் இவ்வகைத் தலைப்புகளுக்கே ‘விபத்துப் பூக்கள்’ என்று பெயர் வந்துவிட்டது.

இவை தெரியாமல் நேர்ந்தவை. வேண்டுமென்றே அமைப்பவையும் உண்டு. நம் காளமேகப் புலவர் இரு பொருள்பட்ட பாட்டை மனமறிந்து அமைத்தார். அதை நாம் சிலேடை என்றும் இரட்டுற மொழிதல் என்றும் போற்றுகிறோம். அமெரிக்காவில் கலைத்துறைச் செய்திகளுக்கென 1905இல் தோன்றிய ‘வெரைட்டி’ என்னும் ஏடு இக்கலையில் பெயர்பெற்றது. 1929 அக்டோபர் 29ஆம் நாள் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. மறுநாள் அவ்வேடு இட்ட தலைப்பு: ‘வால் ஸ்ட்ரீட் லேஸ் ஆன் எக்’. வால் வீதி முட்டையிட்டது! கோழி முட்டையிட்டால் வீட்டுக்கு வரவு. ஆகவே சந்தை நன்கு வளர்ந்தது என்று நம் மாணவர் கருதக்கூடும். உண்மையோ நேர்மாறானது. மேடையில் நடிகரின் நிகழ்ச்சி படுதோல்வியடைந்தால் ‘முட்டையிட்டார்’ என்பது அந்நாட்டு நாடகக்காரர்களின் வழக்கு. நன்னூலார் குழூஉக்குறி என்பாரே, அவ்வகையைச் சேர்ந்தது. மரபுத்தொடரின் நேர்ப்பொருளும் உட்பொருளும் வேறுபடுவதோடு நில்லாமல் ஒன்றுக்கொன்று எதிராகவும் நிற்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

அதே ஏடு 1935 ஜூலை 17ஆம் நாள், ‘ஸ்டிக்ஸ் நிக்ஸ் ஹிக் பிக்ஸ்’ என்று எழுதியது. ‘ஸ்டிக்ஸ்’ என்றால் குச்சிகள், இங்கோ நாட்டுப்புறம். ‘நிக்ஸ்’ என்றால் மறுத்தல். ‘ஹிக்’ என்பது சிற்றூர் மக்களை நகரத்தார் எள்ளும் சொல். பட்டிக்காட்டான் என்பது போன்றது. ‘பிக்ஸ்’ என்றால் திரைப்படங்கள். பட்டிக்காட்டைக் காட்டும் படங்களைப் பட்டிக்காட்டார் விரும்பவில்லை என்பது செய்தி. நான்கு சிறு சொற்களும் ஓசை ஒத்து நிற்பதைக் கண்டு இன்றளவும் வியக்கின்றனர். ஆனால் சிற்றூரில் பிறந்த எமக்கு அச்செய்தியிலேயே விடையும் இருப்பதாகப் படுகிறது. தம்மை எள்ளும் பெயரைத் தாங்கிய படத்தை எவர்தாம் பணம் கொடுத்துப் பார்ப்பர்?

இனிச் சிரிப்பு அடங்கும் இடத்திற்கு வருகிறோம். 1975ஆம் ஆண்டு நியூயார்க் நகராட்சி பெரும் கடனில் மூழ்கியது. அக்டோபர் 29ஆம் நாள் அதிபர் ஃபோர்டு, நகரைக் காக்க நடுவணரசு பணம் கொடுக்கும் சட்டம் எதையும் தடுப்பேன் என்றார். மறுநாள் ‘டெய்லி நியூஸ்’ ஏடு, ‘ஃபோர்டு டு சிட்டி: டிராப் டெட்’ என்று தலைப்பிட்டது. ‘விழுந்து சா’ என்பது நேர்ப்பொருள். ‘தொலைந்துபோ’ என்பது வழக்குப்பொருள். ஃபோர்டு அச்சொற்களைச் சொல்லவே இல்லை. ஆனால் முக்காற்புள்ளிக்குச் ‘சொன்னார்’ என்று பொருள் என முன்னரே கண்டோம் அல்லவா? ஒரு முக்காற்புள்ளி, அவர் சொல்லாத சொற்களை அவர் வாயில் வைத்துவிட்டது. பின்னர் அந்நகருக்குக் கடன் வழங்க அவர் இசைந்தார். எனினும் மக்கள் நினைவில் நின்றது தலைப்பே. 1976 தேர்தலில் நியூயார்க் மாநிலத்திலும் அவர் தோற்றார்.

1982 மே 2ஆம் நாள், ஃபாக்லாந்துப் போரில் ஆங்கிலேயர் அர்ஜென்டினாவின் ‘பெல்கிரானோ’ கப்பலை மூழ்கடித்தனர். 323 பேர் இறந்தனர். மே 4ஆம் நாள் இலண்டனின் ‘சன்’ ஏடு, முதற் பதிப்பில் ‘காச்சா’ என்று ஒற்றைச் சொல்லைப் பெரிதாக அச்சிட்டது. ‘அகப்பட்டாயா!’ என்று கண்ணாமூச்சி ஆட்டத்தில் குழந்தைகள் கூவுவதுண்டே, அதுதான் அச்சொல். உயிரிழப்பின் அளவு தெரிந்த பின்னர் அடுத்த பதிப்புகளில் தலைப்பை மாற்றினர். விளையாட்டுச் சொல்லைப் பிணங்களின்மேல் வைத்தால் சொல்லும் இழிகிறது, சொல்பவரும் இழிகிறார்.

2012 பிப்ரவரியில் நடந்ததை இளைஞர்கள் சிலர் அறிந்திருப்பர். ஜெரமி லின் என்பவர் தைவானிலிருந்து குடியேறியவர்களின் மகன். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர். அவரால் தொடர்ந்து 7 வெற்றிகள் பெற்றிருந்த நியூயார்க் அணி ஓர் ஆட்டத்தில் தோற்றது. ஈ.எஸ்.பி.என். நிறுவனம் அச்செய்திக்கு ‘சிங்க் இன் த ஆர்மர்’ என்று தலைப்பிட்டது. கவசத்தில் உள்ள விரிசல், அஃதாவது வலிமையில் உள்ள குறை என்பது மரபுப்பொருள். ஆனால் அதன் முதற்சொல், சீன இனத்தாரை இழித்துரைக்கும் வசையும் ஆகும். சிறிது நேரத்தில் தலைப்பை நீக்கினர். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எழுதியவர் வேலை இழந்தார். தமக்கு உள்நோக்கம் இல்லை என்றும், பழகிய தொடரையே எழுதியதாகவும் அவர் கூறினார். அதனை நம்புவதில் எமக்குத் தடையில்லை. எவர் மேலும் படாமல் நூறு முறை எழுதிய தொடர், நூற்றோராம் முறை ஒருவர் மேல் பட்டுவிடும். எழுதுபவருக்கு ஒரு பொருள் தோன்ற, அடிபடுபவருக்கு மற்றொரு பொருள் தோன்றும்.

அவையோரே, இப்போது நம் வீட்டு வாயிலுக்கே வந்துவிட்டோம்.

ஆங்கில ஏடுகளில் ‘அன்டச்சபிள்’ என்னும் சொல்லைக் காணலாம். நம் மாணவர் பதறிப்போவார். ஆனால் அங்கு அது புகழ்ச்சி! எவராலும் வெல்ல இயலாத ஆட்டக்காரரை அச்சொல்லால் வாழ்த்துவர். சிகாகோ நகரில் கள்ளச்சாராயக் கூட்டத்தை எதிர்த்த எலியட் நெஸ் என்னும் அதிகாரியின் குழு, கையூட்டுக்கு மயங்காமையால் அப்பெயர் பெற்றது. 1957இல் அப்பெயரிலேயே நூலும் வந்தது. தீண்ட முடியாத தூய்மை என்பது அவர்கள் பொருள். நம் நாட்டில் அச்சொல் என்ன பொருள் தந்தது என்பதை இவ்வவைக்கு யாம் சொல்ல வேண்டா. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் கூறு ஒழித்துவிட்டதாக அறிவித்த கொடுமைதான் அது.

இன்னொரு சொல் இதற்கு நேரெதிர்த் திசையில் சென்றது. ‘பரையா’ என்னும் சொல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலம் புகுந்தது. அதன் வேர் தமிழ் என்றும், பறை என்னும் இசைக்கருவியின் பெயரிலிருந்து வந்ததென்றும் ஆங்கில அகராதிகளே கூறுகின்றன. இன்று அவர்கள் தலைப்புகளில், பழிசெயலால் பிற நாடுகளால் ஒதுக்கப்பட்ட நாடு ‘பரையா ஸ்டேட்’ ஆகும். நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவை அவ்வாறே அழைத்தனர். 2019 நவம்பரில் ஒரு தேர்தல் விவாதத்தில் ஜோ பைடன் சவுதி அரேபிய அரசைக் குறித்து அச்சொல்லை ஆண்டார்; 2022 ஜூலையில் அதிபராக அவர் அங்குச் சென்றபோது ஏடுகளில் அச்சொல் மீண்டும் உலவியது.

சற்றே சிந்தியுங்கள். மனிதரை நிறத்தால் ஒதுக்கிய அரசு, ஒதுக்கிய குற்றத்திற்காக உலகத்தாரால் கண்டிக்கப்படுகிறது. கண்டிக்கும் சொல்லோ, ஒதுக்கப்பட்ட மக்களின் பெயர்! நிறவெறி அரசுக்கு ஒப்புமை தேட வேண்டுமாயின், ஒதுக்கியவரின் பெயரையன்றோ இட்டிருக்க வேண்டும்? குற்றம் செய்து விலக்கப்பட்டவரும், குற்றமின்றி விலக்கப்பட்டவரும் அச்சொல்லில் ஒன்றாகிவிட்டனர். எழுதும் ஆங்கிலத் துணையாசிரியருக்கு இது தெரியாது. அவருக்கு அது ஐந்தாறு எழுத்தில் அடங்கும் வசதியான சொல். நமக்கோ அது பாட்டன் பெயர். ஊருக்குச் செய்தியை அறிவித்தவர் பறையறைந்தவர்தாம். அந்நாளைய நாளேட்டுத் தலைப்பு அவர் குரலே. செய்தி சொன்னவரின் பெயர் செய்தித்தாளில் வசையானதைக் காலத்தின் கோலம் என்பதா, வேறென்ன என்பதா?

இச்சொல்லை என்ன செய்வது? நம் முன்னோர் இரு வழி காட்டினர். இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் ‘பறையன்’ என்றே தம் இதழுக்குப் பெயரிட்டு, இழிவென்றதைத் தலைப்பில் நிமிர்த்தி வைத்தார். அயோத்திதாசப் பண்டிதரோ அப்பெயரையே ஏற்க மறுத்து, 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று இதழ் தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1920இல் தொடங்கிய மராத்தி இதழின் பெயர் ‘மூக்நாயக்’; பேச்சற்றவர்களின் தலைவன் என்பது பொருள். மூவரும் சொல்லின் ஆற்றலை அறிந்தவர்கள். ஆகவே தம் தலைப்பைத் தாமே எழுதினர்.

மாணவச் செல்வங்களே, எம் பள்ளி வழிபாட்டுக் கூட்டத்தில் நாள்தோறும் கடைப்பிடிக்கும் நான்கு பழக்கங்களை உங்களுக்கும் சொல்கிறோம். முதலாவது, தலைப்பை மட்டும் படித்து முடிவு கட்டாதீர். செய்தியின் முதற் பத்தியையாவது படியுங்கள். இரண்டாவது, வெட்டப்பட்ட சிறு சொற்களைப் பென்சிலால் எழுதிச் சேருங்கள். வினைச்சொல் எதுவென்று கண்டு அடிக்கோடிடுங்கள். மூன்றாவது, நேர்ப்பொருள் விந்தையாக இருந்தால் அங்கு மரபுத்தொடர் ஒளிந்திருக்கிறது என்று ஐயுறுங்கள். அகராதியில் அதன் முதன்மைச் சொல்லின் கீழ்த் தேடுங்கள். நான்காவது, பொருள் விளங்கிய பின்னும் ஒரு வினாவை எழுப்புங்கள்: இச்சொல் எவரை நோகச் செய்கிறது?

தெரியாவிடில் கேட்பதற்கு நாணாதீர். எமக்கே முட்டையிட்ட கதை ஐம்பது வயதில்தான் தெரிந்தது.

கழகப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். நம் மாலை நேரப் படிப்பகத்திற்கு ஓர் ஆங்கில நாளேடும், நல்லதொரு மரபுத்தொடர் அகராதியும் வாங்கித் தர வேண்டுகிறோம். விழாவிற்கு எமக்கு அணிவித்த பொன்னாடையின் விலைக்கு அகராதி வந்துவிடும். அதனை யாமே முதற் கொடையாக வழங்குகிறோம்.

நேர்முகத் தேர்வில் சிரிக்கப்பட்ட அந்த இளைஞர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். இரண்டாண்டுக்குப் பின் வேறொரு தேர்வில் வென்று நற்பணியில் அமர்ந்தார். விடுமுறையில் வரும்போதெல்லாம் எம் மாணவர்க்கு நாளேடு படித்துக் காட்டுகிறார். ‘ஃபேஸ் த மியூசிக்’ என்பதைத் தான் முதலில் சொன்ன பொருளோடு சேர்த்தே சொல்லிக் கொடுக்கிறார். பிள்ளைகள் சிரிக்கின்றனர், அவரும் உடன் சிரிக்கிறார். அன்று அவர் கேட்ட சிரிப்பு வேறு, இந்தச் சிரிப்பு வேறு.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகள் தலைப்பைப் பிழையறப் படிப்பவர்களாக மட்டுமன்றி, தலைப்பெழுதும் மேசையில் அமர்பவர்களாகவும் ஆதல் வேண்டும். அங்கு அமரும்போது, கைக்கு எளிதாக வரும் சொல் எவருடைய பாட்டன் பெயரென்று ஒரு நொடி எண்ணிப் பார்ப்பவர்களாகவும் இருத்தல் வேண்டும். கழகம் வாழ்க! கல்வி வளர்க!